பிரிஜித் வாசித்த தீவு

தாழைமுட்டம் கடற்கரைக்கு மேற்கே அந்தத் தீவு வந்து நின்றது ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பூசை முடிந்து சனங்கள் கோயில் படி இறங்குகிற நேரம். மழை வெறித்திருந்தது, கடல் கலங்கிக் கிடந்தது, நேற்றுவரை வானமும் தண்ணீரும் ஒட்டிய கோடு மட்டுமே இருந்த இடத்தில் பச்சைக் குன்று ஒன்றும், குன்றின் சரிவெல்லாம் வெள்ளையாகப் பூத்த மரங்களும், மரங்களுக்குக் கீழே சுண்ணாம்பு அடித்ததுபோன்ற ஒரு மணல் கரையுமாக அது நின்றது. சனங்கள் கொஞ்ச நேரம் படியிலேயே நின்று பார்த்தார்கள். பிறகு அடுப்பில் போட்டுவிட்டு வந்த உலை ஞாபகம் வந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

மீன்வளத்துறையிலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்து, தீவைப் பார்த்து, அது தங்கள் வரைபடத்தில் இல்லை என்பதை ஒரு தாளில் எழுதி, பங்குப் பேரவைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். வள்ளக்காரர்கள் இரண்டு நாள் அதை நோக்கி எஞ்சினை ஓட்டினார்கள். காலையிலிருந்து மாலைவரை ஓட்டினாலும் தீவு புறப்பட்டபோது இருந்த தூரத்திலேயே இருந்ததால், மூன்றாம் நாள் அந்த முயற்சியைக் கைவிட்டு, தீவுக்குத் தெற்கே வலை போட்டேன், தீவுக்கு வடக்கே மத்திச்சாளை மண்டிக் கிடக்கிறது என்று அதை அடையாளமாக வைத்துப் பேசப் பழகிக்கொண்டார்கள். தீவுப் பக்கமிருந்து காற்று அடித்தால் பெயர் தெரியாத ஒரு பழத்தின் வாசனை வந்து, காயப்போட்ட நெத்திலிக் கருவாட்டில் ஏறிக்கொண்டது. பெண்கள் முதல் வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த வாரம் மூக்குக்குப் பழகிப்போய் விட்டுவிட்டார்கள். பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில், நோயாளிகளுக்கும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கும் அடுத்தபடியாக, மேற்கே நிற்கும் தீவுக்காகவும் ஆண்டவரை மன்றாடுவோம் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் அதைப் பார்த்ததும் கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டவள் பிரிஜித் ஒருத்திதான். மற்றவர்கள் அந்தத் தீவை அன்றுதான் பார்த்தார்கள். அவள் ஒன்பது வருஷமாக அதை வாசித்துக்கொண்டிருந்தாள்.

பிரிஜித்துக்கு வயது நாற்பத்துமூன்று. கான்வென்ட் பள்ளிக்கூடத்து நூலகத்தில் புத்தகம் அடுக்கித் தூசி தட்டுகிற வேலை. அயர்லாந்திலிருந்து வந்து அந்தக் கான்வென்டைக் கட்டிய மதர் ஒருத்தி, இங்கேயே இறந்து இங்கேயே அடக்கமானவள், விட்டுப்போன தகரப்பெட்டி ஒன்று மாடிப்படிக்குக் கீழே வெகுகாலம் திறக்காமல் கிடந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அதில் இருக்கிற புத்தகங்களின் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதித் தரச் சொன்னாள் தலைமையாசிரியை. எல்லாம் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சிப் புத்தகங்கள். கெல்டியர் என்று ஒரு சாதி சனம், அவர்களுடைய தெய்வங்கள், அவர்களுடைய சாவுச் சடங்குகள். கனமான ஒன்றின் முதல் பக்கத்தில் எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தை ராமபாணப்பூச்சி சுத்தமாகத் தின்றிருந்தது. அதைப் புரட்டியபோது நடுப்பக்கம் ஒன்றில் தன் பெயரே அச்சடித்திருக்கக் கண்டாள்.

பிரிஜித். அவளுக்குத் தெரிந்து அது ஒரு புனிதையின் பெயர், அவளுடைய அத்தையின் பெயர், அவ்வளவுதான். புத்தகம் வேறு சொன்னது. புனிதைக்கு முன்னாலேயே அந்தப் பெயரில் ஒரு தெய்வம் இருந்தாள், தீயும் பாட்டும் அவளுக்குச் சொந்தம், சண்டையில் மகனைப் பறிகொடுத்து அந்த நாட்டிலேயே முதன்முதலாக வாய்விட்டு அழுதவள் அவள்தான், அதற்கு முன்னால் அங்கே யாருக்கும் ஒப்பாரி என்பது தெரியாது. பத்தாம் வகுப்போடு நின்ற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அகராதியும் கையுமாக அந்த ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க அவளுக்குப் பதினொரு நாள் ஆனது. முடித்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

எழுதியவரை அவள் பெரியவர் என்றே மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டாள். பெரியவர் லேசில் எதையும் நம்புகிறவர் இல்லை. மேலே நாலு வரி கதை, கீழே பக்கம் நிறையப் பொடி எழுத்தில் அடிக்குறிப்பு என்று எழுதுவார். எல்லாக் கதையும் சூரியனைப் பற்றியதுதான் என்று எழுதிய ஒரு ஜெர்மன் பண்டிதரோடு முந்நூறு பக்கத்துக்குச் சண்டை போட்டிருந்தார். ஏட்டைப் பிரதியெடுத்த மடத்துத் துறவி ஓரத்தில், கை குளிர்கிறது, இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கையில்லை, ஆனாலும் எழுதுகிறேன் என்று கிறுக்கியிருந்ததைக்கூட விடாமல் எடுத்துப் போட்டிருந்தார். கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் அந்தச் சனங்களுக்கு ஒரு நாள் உண்டு, அன்று செத்தவர்கள் வீடு தேடி வருவார்கள், கதவைத் தாழ் போடமாட்டார்கள் என்று அவர் எழுதியிருந்ததை வாசித்தபோது, அது ஏறக்குறையத் தங்கள் கல்லறைத் திருநாள்தான் என்று பிரிஜித் கண்டுகொண்டாள். கல்லறைத் திருநாளன்று தாழைமுட்டத்தில் எல்லாரும் தங்கள் ஆட்களின் குழிமேட்டில் மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். பிரிஜித் கொளுத்துவது ஒரு வெறுங்குருசுக்கு முன்னால். அந்தச் சிலுவைக்குக் கீழே யாரும் கிடையாது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசிப் புயலில் கடல்ராணி என்ற வள்ளம் ஆறு பேரோடு போய்த் திரும்பவில்லை. அதில் ஒருவன் அவள் கெட்டியவன் கிளீட்டஸ், அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது. அன்று விடியக்காலை அவன் புறப்பட்டபோது, தான் இரண்டு மாசம் முழுகாமல் இருப்பதைச் சொல்ல வாயெடுத்து, பக்கத்து வீட்டு ஆள் வந்து நின்றதால் கூச்சப்பட்டு, வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை பிறந்து, சஜினி என்று பெயர் வைத்து, நர்சிங் படித்து முடித்து, இப்போது வீட்டில் இருக்கிறது.

பெரியவரின் புத்தகத்தில் பிரிஜித் திரும்பத் திரும்ப வாசித்தது ஒரு கதையைத்தான். மேற்குக் கடலில் ஒரு தீவு இருக்கிறது, வெள்ளைப் பூ மரங்கள், மூப்பு கிடையாது, துக்கம் கிடையாது. கடலில் வழிதவறிய சிலர் அங்கே போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கிறார்கள். ஒருவனுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. திரும்பி வருகிறார்கள். கரையில் நிற்கிறவர்கள், நீங்கள் யார் என்று கேட்டு, பெயரைச் சொன்னதும், அந்தப் பெயர் எங்கள் பழங்கதையில் அல்லவா வருகிறது என்கிறார்கள். ஊர் ஞாபகம் வந்தவன் பொறுக்கமாட்டாமல் வள்ளத்திலிருந்து குதிக்கிறான், மண்ணில் கால் பட்டதும் சாம்பலாகிறான். மற்றவர்கள் இறங்காமல் திரும்பிப் போகிறார்கள். இதற்கும் பெரியவர் ஓர் அடிக்குறிப்பு போட்டிருந்தார்: வேறொரு ஏட்டில், குதிப்பதற்கு முன்னால் கரையிலிருந்து ஒரு பெண் அவனிடம் என்னவோ சொல்கிறாள், ஆனால் அந்த இடத்தில் ஏடு கிழிந்திருக்கிறது, அவள் சொன்னது என்ன என்பதை இனி யாரும் அறிய முடியாது, ஊகிக்க நான் விரும்பவில்லை.

பெரியவர் விரும்பாததை பிரிஜித் ஒன்பது வருஷம் ஊகித்துக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் வானம் தெளிந்தபோது தீவின் வெள்ளை மணலில் ஆட்கள் நடமாடுவது தெரிந்தது. வளைகுடாவிலிருந்து வந்த ஒருவன் தூரக்கண்ணாடி கொண்டுவந்தான். வரிசையில் நின்று வாங்கிப் பார்த்தார்கள். கடல்ராணியின் ஆறு பேர். போன அன்று உடுத்திருந்த கைலி, போன அன்று இருந்த முடி, ஒரு நாள் மூப்புகூட இல்லை. அழுகை ஒரு வாரம் இருந்தது. அப்புறம் சனங்கள் சாயங்காலமானால் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் கல்வரிசையில் போய் நிற்க ஆரம்பித்தார்கள். பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள், புதிதாய்க் கட்டிய வீட்டின் போட்டோவைத் தூக்கிக் காட்டினார்கள், அங்கிருந்து தெரியுமா தெரியாதா என்று யாரும் கேட்கவில்லை.

அவர்கள் வருவார்கள் என்று பிரிஜித்துக்குத் தெரிந்திருந்தது. அவள் சாமியாரிடம் போனாள்.

"சாமி, அவங்க வள்ளத்துல வருவாவ. ஆரும் எறங்கச் சொல்லப்பிடாது. கால் மண்ணுல பட்டா அவ்வளவுதான்."

"ஆரு சொன்னா?"

"புஸ்தகத்துல இருக்கு சாமி."

"அது வெள்ளக்காரன் கதையில்லா பிள்ளே."

"தீவும் அந்தக் கதையிலதான் இருந்துது."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சாமியார் எல்லாரையும் உட்கார வைத்து அவளையே சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். பாதிப் பேர் நம்பினார்கள். திரேசம்மாள் எழுந்தாள். ஆறு பேரில் இளையவன் ஆஞ்சலோஸின் அம்மா, எழுபது வயது, கணவனும் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை.

"எனக்க மகனுக்குப் பத்தொம்பது வயசு. கரைக்கு வந்தவன வராதேன்னு சொல்ல எந்தப் புஸ்தகத்துக்குப் பிள்ளே அதிகாரம் இருக்கு?" என்றாள்.

புரட்டாசி தொடக்கத்தில் ஒரு நண்பகல், துடுப்புகூட அசையாமல், கடல்ராணியே வந்தது, உள்ளே ஆஞ்சலோஸ் மட்டும். கல்லெறிகிற தூரத்தில் நின்று, "அம்மோ, என்ன, ஊரே கூடி நிக்கிது?" என்று சிரித்தான். பிரிஜித் திரேசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரேசம்மாள் கையை உதறவில்லை. மிகச் சாதாரணமான குரலில், "வா மக்கா, கஞ்சி ஆறுது" என்றாள். அவன் குதித்தான். இடுப்பளவுத் தண்ணீர். கால் மணலில் பட்ட நேரத்தில், இருபத்திரண்டு வருஷம் கடல் ஒரு மனுஷ உடம்பை என்ன செய்திருக்குமோ அதையெல்லாம் ஒரே மூச்சில் செய்து முடித்தது. அலை விலகியபோது கரையில் ஒரு கைப்பிடிச் சிப்பியும், உப்புப் பூத்த இரண்டு எலும்பும், கழுத்தில் கிடந்த சுரூபப் பதக்கமும்தான் கிடந்தன. வள்ளம் தன்போக்கில் திரும்பிப் போனது.

திரேசம்மாள் முந்தானையில் அதையெல்லாம் பொறுக்கினாள். மறுநாள் மணியடித்து, பெட்டியில் வைத்து, பாட்டுப் பாடி அடக்கம் பண்ணினார்கள். மூன்றாம் நாள் பிரிஜித் அவள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாள்.

"உள்ள வா பிள்ளே," என்றாள் திரேசம்மாள். "நீ சொன்னது சரிதான். ஆனா எனக்கு இப்பம் ஒறக்கம் வருது கேட்டியா. இருவத்திரெண்டு வருசம் இல்லாத ஒறக்கம். அவன் எங்க கெடக்கான்னு இப்பம் எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு ஊர் இரண்டாகிப் போனது. சண்டையில்லாமல், மெதுவான பேச்சாக, கருவாடு காயப்போடும்போதும் தண்ணீர் பிடிக்கும்போதும், நீ கூப்பிடுவியா அனுப்புவியா என்று கேட்டுக்கொண்டார்கள். வள்ளம் வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொருவராகக் கொண்டுவந்தது. வள்ளச் சொந்தக்காரர் சில்வெஸ்டரை அவருடைய பையன்கள் கலந்து பேசி, குழியும் வெட்டி வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரையும், இரண்டு தடவையும், அவர்களுடைய அக்காள் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினாள். அமலோற்பவம் புயலுக்கு ஆறு வருஷம் கழித்து மறுபடி கல்யாணம் பண்ணியிருந்தவள். இரண்டாவது புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து முன்னவனுக்கு முன்னால் நின்றாள். அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்லாப் பாத்துக்கிடும்" என்று இவனிடம் சொல்லித் தானே திரும்பிப் போனான். சாமியாருக்கு ஒரு சங்கடம் மட்டும் மிஞ்சியது: இறந்த தேதி என்று இறப்புப் பதிவேட்டில் எதை எழுதுவது? யோசித்து, இரண்டு தேதியையும் எழுதினார்.

மிச்சமிருந்தது கிளீட்டஸ்.

"நா கூப்பிடப் போறேன்," என்றாள் பிரிஜித், சோறு போட்டுக்கொண்டே.

சஜினி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். ஊரிலேயே எல்லாருக்கும் முன்னால் எச்சரித்தவள் அம்மா.

"அந்தக் குருசுக்குக் கீழ ஒண்ணுமில்ல மக்களே. இனியும் ஒண்ணுமில்லாத எடத்துக்கு நா மெழுகுதிரி கொண்டு போவமாட்டேன்."

சஜினி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அப்பா மண்ணாவுறதுக்கு முன்ன ஒரு தடவ தொட்டுக்கிடலாமா? புஸ்தகத்துல இருக்கா?"

"இல்ல."

வள்ளம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் பிற்பகலில் வந்தது. காலையிலேயே பிரிஜித் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், குருசுக்குக் கீழே வெட்டச் சொல்லியிருந்த குழியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கல்யாணப் புடவை இப்போது உடம்பைச் சுற்றிவர மாட்டேன் என்றது, ஆனாலும் அதைத்தான் கட்டியிருந்தாள். ஊர் வழக்கப்படி எல்லாரும் தள்ளி மேட்டில் நின்றுகொள்ள, அம்மாவும் மகளும் மட்டும் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார்கள்.

கிளீட்டஸ் வள்ளத்தின் முன்பக்கம் நின்றுகொண்டிருந்தான். இடது புருவத்தில் தூண்டில் கீறிய தழும்பு, அவள் தைத்துக் கொடுத்த பித்தான் வேறு நிறத்தில் இருக்கிற சட்டை. அவன் முதலில் பிரிஜித்தைப் பார்த்தான்.

"மாமி!" என்றான். "சொகமா இருக்கியளா? என்ன மாமி, தல இப்படி நரச்சுப் போச்சு? போன வாரம் பாக்கும்ப கருகருன்னுல்லா இருந்துது."

அவன் மாமி என்று கூப்பிடுகிற அவளுடைய அம்மா செத்துப் பதினான்கு வருஷம். பிரிஜித் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் கண் அவளைத் தாண்டிப் போய்விட்டது.

"பிரிஜித்தே!"

அவன் கூப்பிட்டது சஜினியை. இருபத்தொரு வயது, அம்மாவின் அதே நெற்றி, அதே பின்னல்.

"அழாத பிள்ளே. காத்துல எஞ்சின் போச்சு, நாலு நாளு சுத்திட்டோம், அவ்வளவுதான். ஒரு எடத்துல ஏறி நின்னோம், அங்க பழம் தந்தாவ, எப்பிடி இருந்துது தெரியுமா! ஒனக்கு ரெண்டு எடுத்து வச்சிருக்கேன்." சொல்லிக்கொண்டே ஒரு காலைத் தூக்கி வள்ளத்து விளிம்புக்கு வெளியே போட்டான்.

பிரிஜித் சொல்ல வேண்டியது ஒரே ஓர் எழுத்து. வா. அது நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஆனால் அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். தன்னை ஒருவன் இப்படிப் பார்த்தான், பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோலவும் பிள்ளை திருவிழாவைப் பார்ப்பதுபோலவும் ஒருவன் தன்னைப் பார்த்தான் என்பது, இத்தனை வருஷத்துத் துக்கத்தில், அவளுக்கு மறந்தே போயிருந்தது. செத்துப்போனவனை அவள் ஒரு நாளும் மறக்கவில்லை. அவன் பார்த்த பெண்ணைத்தான் மறந்திருந்தாள். அந்தப் பெண் இன்னும் அந்தக் கண்களுக்குள் இருந்தாள், வேறெங்கும் இல்லை, அதை எப்படிக் குழிக்குள் வைக்க?

"எறங்காத கிளீட்டசு," என்றாள்.

"ஏன் மாமி?"

அவள் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, உதடு அசையாமல், "நா சொல்லுகத சொல்லு" என்றாள். "எறங்காதீங்கன்னு சொல்லு."

"எறங்காதீங்க," என்றாள் சஜினி. குரலும் அம்மாவுடையதுதான்.

"எங்கிட்ட கோவமா பிள்ளே? சொல்லாம நாலு நாளு போனதுக்கா?"

"கோவமில்லன்னு சொல்லு."

"கோவமில்ல."

"இங்க இப்பம் எடம் சரியில்ல. நீங்க அங்கயே போயி இருங்க. ஒரு வீடு கெட்டி வைங்க. நா வாறேன்னு சொல்லு."

சஜினி சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல். கிளீட்டஸ் விளிம்பில் தொங்கிய காலை ஆட்டிக்கொண்டே கேட்டான். அவனுக்கு எப்போதும் பிரிஜித் சொல்வதைக் கேட்கிற வழக்கம்தான்.

"எப்ப வருவ?"

சஜினி அம்மாவைப் பார்த்தாள்.

"சட்டுனு வந்துருவேன்னு சொல்லு."

"சட்டுனு வந்துருவேன்."

அவன் சிரித்தான், காலை உள்ளே எடுத்துக்கொண்டான். "சரி. பழத்த அங்க வச்சே தின்னலாம். மாமியையும் கூட்டிட்டு வா பிள்ளே. தனியா இங்க என்ன செய்வாவ?"

"வாறேன் மக்கா," என்றாள் பிரிஜித். "நானும் வாறேன்."

வள்ளம் திரும்பியது. அவன் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். மேட்டில் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. செய்தது சரி என்றுதான் அந்த நேரம் அவளுக்குத் தோன்றியது. ஒன்பது வருஷம் யோசித்ததற்கு ஒரு முடிவு கிடைத்ததுபோல மார்பு லேசாகிக்கூட இருந்தது.

"அம்மா," என்றாள் சஜினி. "நா ஒருத்தி உண்டுன்னே அவருக்குத் தெரியாதுல்லா?"

பிரிஜித் திரும்பினாள். மகளின் மணிக்கட்டில் தன் விரல்கள் பதிந்து சிவந்திருப்பதைக் கண்டாள். இத்தனை யோசித்தும் இதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. சொல்ல நேரம் இருந்தது. அவன் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவ்வளவு நேரமும், இது ஒனக்க மகள் என்று ஒரு வாக்குச் சொல்ல இடம் இருந்தது. சொல்லியிருந்தால் அவன் குதித்திருப்பானோ என்னவோ. ஆனால் சொல்லலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டாம் முறையாக அவள் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

சஜினி கையை விடுவித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். இடுப்பளவு, மார்பளவு, அலை முகத்தில் அடிக்க அடிக்க ஓடி, நிற்க முடிந்த கடைசி இடத்தில் நின்று, பிறந்ததிலிருந்து யாரையும் பார்த்துச் சொல்லியிராத அந்தச் சொல்லைத் தன் பலம் எல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"அப்பா!"

வெகுதூரத்தில், வெள்ளைப் பூ மரங்களுக்கு முன்னால் ஒரு புள்ளியாகத் தெரிந்தவன் திரும்பிப் பார்த்தான். சொல் கேட்டதோ, குரல் மட்டும்தான் கேட்டதோ, கையைத் தலைக்கு மேலே தூக்கி, சந்தோஷமாக, பலமுறை ஆட்டினான். பெண்டாட்டிதான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பான். சஜினியும் கையைத் தூக்கி ஆட்டினாள், தீவு மங்கி, வானமும் தண்ணீரும் ஒட்டிய கோடு மட்டும் மிஞ்சிய பிறகும், பிரிஜித் போய்த் தோளைத் தொடுகிறவரை ஆட்டிக்கொண்டேயிருந்தாள்.